வலை கட்டுகிறவர்

உளுந்தூர்பேட்டையைத் தாண்டியதும் ரயிலுக்கு வெளியே முந்திரித் தோப்பும் கரும்பும் சவுக்குமாக மாறி மாறி வரும். கொஞ்ச நேரத்தில் விருத்தாசலம் ஜங்ஷன். சென்னைக்கும் திருச்சிக்கும் போகிற வண்டிகளில் பாதிப் பேருக்கு இந்த ஊர் ஒரு சின்ன நிறுத்தம், அவ்வளவுதான். டீ வாங்கலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிடும். கிழக்கே நெய்வேலி வழியாகக் கடலூருக்கும், மேற்கே சின்னசேலம், ஆத்தூர் வழியாகச் சேலத்துக்கும் இங்கிருந்துதான் தண்டவாளம் பிரிகிறது. இறங்குகிறவர்களில் ஊர்க்காரர்கள் போக மிச்சம் பேர் பழமலைநாதரைப் பார்க்க வந்தவர்கள். நான் வாலிபால் போட்டி பார்க்க இறங்கினேன்.

போட்டி என் மாமா பெயரில். அம்மாவுக்குத் தம்பி. போன தை மாதம் காலமானார். அவரோடு ஆடியவர்களும், அவரிடம் ஆடப் பழகியவர்களும் சேர்ந்து முதலாம் ஆண்டு நினைவுச் சுழற்கோப்பை என்று அறிவித்துவிட்டார்கள். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அத்தைக்கு அது பிடிக்காது. ஊருக்குள் போகிற வழித் திருப்பத்திலேயே ஃபிளெக்ஸ் நின்றது. மாமா அதில் கோட்டு போட்டிருந்தார். ஏதோ கல்யாணத்தில் எடுத்த படத்தில் தலையை மட்டும் வெட்டி எடுத்து, ஸ்டுடியோக்காரர் வேறொரு உடம்பில் ஒட்டியிருக்கிறார். வாழ்நாளில் அவர் கோட்டுப் போட்டு நான் பார்த்ததில்லை. படத்துக்குக் கீழே மூன்று பட்டங்கள்: சமூக சேவகர், சிறந்த விளையாட்டு வீரர், பாசமிகு குடும்பத் தலைவர்.

முதல் பட்டத்தில் எனக்குச் சண்டையில்லை. மூன்றாவதை அத்தையிடம்தான் கேட்க வேண்டும். நடுவில் இருப்பதுதான் இடிக்கிறது. மாமா சிறந்த வீரர் இல்லை. உயரமும் போதாது, எகிறினால் கை வலைக்கு மேல் அரைச்சாண்தான் போகும். அவர் அடித்த ஷாட் எதிராளியின் பிளாக்கில் பட்டுத் திரும்பி அவர் காலடியிலேயே விழுந்ததைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆனால் ஏறக்குறைய நாற்பது வருஷம் அந்த மைதானத்தில் வலை கட்டியவர் அவர்தான். இதை ஏன் ஃபிளெக்ஸில் போடவில்லை என்று கேட்டால் சிரிப்பார்கள். வலை கட்டுவதெல்லாம் ஒரு பட்டமா?

அவரை இந்த ஊருக்கு இழுத்து வந்தது மண். விருத்தாசலத்தில் செராமிக் படிப்புக்கென்றே ஓர் அரசு தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. பத்தாவது முடித்துவிட்டு அங்கே சேர்ந்தவர், படிப்பு முடிந்ததும் திரும்பி வரவில்லை. மண்ணைப் படிக்க ஒரு கல்லூரி இங்கே வந்ததற்குக் காரணம் பக்கத்திலேயே கிடக்கிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளைபோட்டபோது கறுப்பாக ஏதோ வந்தது. அது பழுப்பு நிலக்கரி என்று பிறகு தெரிந்தது. 1956-ல் நெய்வேலி நிறுவனம் உருவானது. நிலக்கரி ஊருக்கெல்லாம் தெரிந்த கதை. அதன் தலைக்கு மேலே கிடந்த மண்ணைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நிலக்கரியை எட்ட வேண்டுமானால் மேலே இருக்கிற மண்ணை மலைமலையாக அள்ளி ஒதுக்க வேண்டும். அந்த மண்ணோடு வெள்ளைக் களிமண்ணும் வந்தது. கழித்துப்போட்டதில் கிடைத்த அந்த வெள்ளைதான் விருத்தாசலத்துக்குச் சோறு போட்டது. மின்கம்பத்து இன்சுலேட்டர், ஃபியூஸ் போடும் கிட்கேட், ஊறுகாய் ஜாடி, அகல்விளக்கு, கொலு பொம்மை என்று இந்த ஊர்ச் சரக்கு எங்கெங்கோ போயிருக்கிறது. உங்கள் பழைய வீட்டு மெயின் போர்டில் இருக்கும் வெள்ளைக் கிட்கேட்டும் இங்கே அழுத்தியதாக இருக்கலாம்.

மாமா கிட்கேட்தான் போட்டார். தொழிற்பேட்டையில் வாடகைக்கு ஒரு கொட்டகை, கையால் சுற்றும் நாலு பிரஸ், ஏழெட்டுப் பெண்கள். பொடித்த மண்ணில் எண்ணெயும் தண்ணீரும் கொஞ்சமாகக் கலந்து, இரும்பு அச்சில் கொட்டி, மேலே இருக்கும் கைப்பிடியைச் சுழற்றினால் ‘டொக்’ என்று இறங்கும். அச்சைத் திறந்தால் சாம்பல் வெள்ளையில் ஒரு கிட்கேட் உட்கார்ந்திருக்கும். ஓட்டையில் அடைத்த மண்ணை ஊசியால் தட்டிவிட்டு, ஓரத்துப் பிசிறை வழித்துப் பலகையில் அடுக்குவார்கள். நாள் முழுக்க டொக், டொக். ஸ்கூல் லீவுக்கு வந்தால் அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் தூங்குவோம், நின்றால் முழித்துக்கொள்வோம்.

இப்போது போனால் அந்தச் சத்தம் பேட்டையில் அரிதாகத்தான் கேட்கிறது. வீடுகளில் எம்சிபி வந்ததும் கிட்கேட் போய்விட்டது. யார் மேலும் குறை சொல்ல முடியாது. ஃபியூஸ் போனால் இருட்டில் ஸ்டூல் மேல் ஏறி செப்புக்கம்பி சுற்ற இனி எவருக்கும் ஆசை இருக்காது. மாமா கொஞ்ச காலம் முறுக்கிக்கொண்டு நின்றார். பிறகு பிரஸ் இரண்டை விற்றுவிட்டு, அகல்விளக்குக்கும் பொம்மைக்கும் மாறினார்.

கொட்டகையை இப்போது நடத்துவது அவருடைய பெரிய மகள். அவளும் அதே கல்லூரியில் படித்தவள். போன அன்று மாலை நேரே அங்கேதான் போனேன்.

“வாங்க. கையக் கழுவாம எதையும் தொடாதீங்க, தலையில எண்ண வச்சிருக்கீங்க. எண்ணக் கை பட்டா கிளேஸ் புடிக்காது” என்றாள்.

வீட்டுக்கு வந்தவனை வரவேற்கிற அழகு மாமாவிடமிருந்து அப்படியே வந்திருக்கிறது.

அச்சுவார்ப்பு நடந்துகொண்டிருந்தது. களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றையும் தண்ணீரோடு அரைத்தால் கெட்டி மோர்ப் பதத்தில் ஒரு கலவை வரும். சிலிப் என்கிறார்கள். அதை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் விளிம்பு வரை ஊற்றுகிறார்கள். ஊற்றியதும் வேலை நமக்கில்லை, அச்சுக்குத்தான். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்ச, சுவரோரமாக மண் ஒட்டி ஓர் ஓடு கட்டுகிறது. மேலே மட்டம் இறங்க இறங்க இன்னும் கொஞ்சம் ஊற்றிக் கொடுக்கிறாள் ஓர் அம்மா. ஓடு வேண்டிய கனத்துக்கு வந்ததும் அச்சைக் கவிழ்த்து மிச்சத்தை வாளியில் வடிக்கிறாள். அதற்கு அவளிடம் கடிகாரம் இல்லை. விளிம்பை விரல் நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தாள், கவிழ்த்தாள். பிறகு அச்சின் இரண்டு பாதியையும் பிரித்தால் உள்ளே ஈரமாக ஒரு பிள்ளையார். நடுவில் அச்சு சேர்ந்த இடத்தில் ஒரு கோடு ஓடுகிறது. கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்தால் மறைந்துவிடும். தும்பிக்கை வளைவில் மட்டும் கத்தி போகாது; அங்கே அவள் சுண்டுவிரலை விட்டாள்.

காய்ந்ததும் ஒரு சூடு, கிளேஸில் முக்கியதும் இன்னொரு சூடு. பச்சையாக இருந்ததற்கும் சூளையிலிருந்து வெளியே வருவதற்கும் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு அளவு குறைந்துவிடும். அதனால் அச்சை எப்போதுமே பெரிதாகச் செய்ய வேண்டும். மூலையில் ஓர் அலமாரியில் கோப்பை நின்றது. இரண்டு கைப்பிடி வைத்தது, வெள்ளை உடம்பில் நீலக் கோடு. கடையில் விற்கிற தங்க முலாம் பிளாஸ்டிக் கப் வேண்டாம், செராமிக் ஊரில் செராமிக் கப்தான் என்று பெரியவள் பிடிவாதமாகச் செய்திருக்கிறாள். முதலில் போட்ட இரண்டில் கைப்பிடி சூளையிலேயே வெடித்துவிட்டது. உடம்பு ஒரு வேகத்தில் காய, கைப்பிடி இன்னொரு வேகத்தில் காய்ந்திருக்கிறது. மூன்றாவதை ஈரத்துணி போர்த்தி, நிதானமாகக் காயவைத்து எடுத்திருக்கிறாள்.

“கீழ போட்டா ஒடஞ்சிடுமே, சுழற்கோப்பைன்னு வேற போட்டிருக்கீங்க” என்றேன்.

“ஒடைக்கட்டும். அச்சு இருக்குது இல்ல?”

வாலிபால் இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு வந்து சேர்ந்த வழியும் கேட்கத் தகுந்தது. 1895-ல் அமெரிக்காவில் வில்லியம் மார்கன் என்கிற ஒய்எம்சிஏ உடற்பயிற்சி ஆசிரியர் கண்டுபிடித்த ஆட்டம் இது. 1920-ல் ஹாரி க்ரோ பக் என்பவர் சென்னையில் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அதே பக் 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேலாளர். அவருடைய கல்லூரியில் படித்து வெளியே வந்த டிரில் மாஸ்டர்கள் மாகாணமெங்கும் பள்ளிகளுக்குப் போனார்கள். கிரிக்கெட்டுக்கு மட்டை, காப்பு, புல்தரை எல்லாம் வேண்டும். இதற்கு ஒரு பந்து, இரண்டு கம்பு, நடுவே ஒரு வலை போதும்; மீன்வலை என்றாலும் சரி. மாலையில் வயலிலிருந்து வந்தவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடலாம். மாமாவுக்கும் ஆட்டத்தைப் பழக்கியது எங்கள் ஊர்ப் பள்ளி டிரில் மாஸ்டர்தான்.

அவர் பழகிய ஆட்டத்தில் சர்வீஸ் போடுகிற பக்கத்துக்குத்தான் பாயிண்ட். எதிராளி தப்பு செய்தால் சர்வீஸ் மட்டும் கைமாறும். பதினைந்து பாயிண்டுக்கு ஒரு மணி நேரம்கூட இழுக்கும். 1990-களின் கடைசியில் எந்தப் பக்கம் வென்றாலும் பாயிண்ட், ஒரு செட்டுக்கு 25 என்று உலகமே மாறியது. மாமா அதை ஒத்துக்கொள்ளவேயில்லை. “பஸ்ஸப் புடிக்கப் போறவன் ஆடற ஆட்டம்டா இது” என்பார். ஆனால் போட்டி நடத்தினால் புது விதிப்படிதான் நடத்துவார். தனக்குப் பிடிக்காத விதியையும் ஒழுங்காக நடத்துகிற அந்தக் குணம் எனக்கு அவரிடம் பிடித்தவற்றில் முதலாவது.

வலைக்கு வருகிறேன். மாலை ஐந்தரைக்கு சைக்கிள் கேரியரில் வலைச் சுருள், ஹேண்டில்பாரில் பந்துப் பை, குறுக்குக் கம்பியில் கட்டிய ஒரு மூங்கில் கழி. இப்படித்தான் அவர் மைதானத்துக்கு வருவார். கழியில் இரண்டு வெட்டு இருக்கும். ஒன்று 2.43 மீட்டரில், ஆண்கள் வலைக்கு. இன்னொன்று 2.24-ல், பெண்களுக்கு. நடுவில் ஒரு தரம், இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு தரம் கழியை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் கம்பியை முறுக்குவார். ஓரங்கள் நடுவைவிட இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஏறக் கூடாது என்பது சர்வதேச விதி. எங்கே? மாட்டுச் சாணி கிடக்கிற ஒரு பொட்டலில். பையன்கள் பொறுமையிழந்து கத்துவார்கள். “வலை தொங்குனா ஆட்டமும் தொங்கிடும்” என்று அவர்பாட்டுக்கு முறுக்கிக்கொண்டிருப்பார்.

கழியின் இரண்டாவது வெட்டுக்குப் பல வருஷம் வேலையே இல்லை. ஊரில் பெண் பிள்ளைகள் மைதானத்துக்கு வருகிற வழக்கம் கிடையாது. மகள்கள் ஆறாவது, எட்டாவது வந்ததும் மாமா ஞாயிறு காலைகளில் வலையை இறக்கிக் கட்டினார். முதலில் அவர்கள் இருவர் மட்டும். ஒரு பக்கம் மகள்கள், மறுபக்கம் தனியாக அப்பா. பிறகு பேட்டையில் வேலை செய்கிற பெண்களின் பிள்ளைகள் வந்தார்கள். அத்தையின் மாமியார், அதாவது என் பாட்டி, ஊரிலிருந்து கடிதம் போட்டுத் திட்டினாள். அவர் பதிலுக்கு மகள்கள் பரிசு வாங்கிய படத்தை அனுப்பினார். பாட்டி அதைச் சுவரில் மாட்டிவிட்டுத் திட்டினாள்.

சமூக சேவகர் என்றால் வெள்ளைச் சட்டை, கூட்டம், சால்வை என்றுதான் நமக்குத் தோன்றும். மாமா செய்ததெல்லாம் இன்னொருவர் செய்ய வேண்டிய வேலையைக் கேட்காமல் செய்தது. தெருவில் சாவு என்றால் ஃப்ரீசர் பெட்டிக்குப் போன் போடுவது, தெருவிளக்கு எரியாவிட்டால் நகராட்சிக்கு மனு எழுதுவது, பேட்டைப் பெண்களுக்கு ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கப் படிவம் நிரப்புவது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது இந்த மாவட்டமே புரண்டு போனது. பண்ருட்டிப் பக்கம் தலைமுறை கண்ட பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசையாக மடங்கிக் கிடந்தன. வாரக்கணக்கில் கரண்டு இல்லை. முந்திரி நட்டால் காய்க்கச் சில வருஷம், பலாவுக்கு இன்னும் கூடுதல் வருஷம். மரம் போனவர்களுக்கு அது ஒரு வருஷத்து நஷ்டம் இல்லை, பிள்ளையின் படிப்பும் கல்யாணமும் சேர்ந்து போன நஷ்டம்.

அன்று காலையில் மாமா வீட்டுக் கூரையில் ஓடு பறந்து கிடந்தது. அதைப் பார்க்காமல் வாலிபால் பையன்கள் பன்னிரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு அரிவாள், ரம்பத்தோடு முந்திரிக்காட்டுக் கிராமங்களுக்குப் போய்விட்டார். பொங்கல் வரை வழியில் கிடந்த மரங்களை அறுத்துத் தள்ளினார்கள். வீட்டு ஓட்டை அத்தை ஆள் வைத்து மாற்றினாள். இதை அவர் புகழாகவும் சொல்லலாம், குற்றமாகவும் சொல்லலாம். அத்தை இரண்டு விதமாகவும் சொல்வாள்.

மறுநாள் விடிந்ததும் கோயிலுக்குப் போனேன். பழமலைநாதர் கோயிலில் எல்லாம் ஐந்து. கோபுரம் ஐந்து, பிரகாரம் ஐந்து, தேர் ஐந்து, தீர்த்தம் ஐந்து என்று குருக்கள் விரல் மடக்கிச் சொல்வார். உள்ளே நுழைந்ததும் படியிறங்கிப் பள்ளத்தில் ஆழத்துப் பிள்ளையார். தலமரம் வன்னி. விபசித்து முனிவர் திருப்பணி நடத்தியபோது வேலையாட்களுக்குக் கூலியாக வன்னி இலையைத்தான் கொடுத்தாராம். அவரவர் செய்த வேலைக்குத் தக்கபடி இலை பொன்னாகுமாம், உழைக்காதவன் கையில் இலையாகவே இருக்குமாம். கூலி கொடுக்கத் தெரிந்த ஊர்க்காரர்கள் கட்டிய கதை என்று நினைத்துக்கொண்டேன்.

கருங்கல் திருப்பணியைச் செம்பியன் மாதேவி செய்ததாகச் சொல்கிறார்கள். சோழ அரசர் கண்டராதித்தரின் மனைவி. கணவர் போன பின் பல பத்து ஆண்டுகள் இருந்தார்; சோழநாட்டில் செங்கல் கோயில்களை ஒவ்வொன்றாகக் கல்லுக்கு மாற்றினார். கோனேரிராஜபுரம் கோயிலில் கண்டராதித்தர் சிவனை வணங்கும் சிற்பத்தைச் செதுக்கி வைத்திருக்கிறார். போரில் வென்றவராக அல்ல, கும்பிடுகிறவராகத்தான் அவரைக் காட்டியிருக்கிறார். கூட வாழ்ந்தவளுக்குத் தெரியும், எந்தக் கோலத்தில் நிறுத்த வேண்டும் என்று. ஃபிளெக்ஸ்காரர் கோட்டு மாட்டியதை நினைத்தால் சிரிப்பு வந்தது.

விளையாட்டில், ஆடியதற்காக இல்லாமல் மற்றவர்களை ஆடவைத்ததற்காக நினைக்கப்படுகிறவர் என்றால் சென்னையின் புச்சிபாபு நாயுடு. சேப்பாக்கத்தில் வெள்ளையர் கிளப்போடு கிரிக்கெட் ஆடப்போன இந்தியர்கள் பெவிலியனுக்குள் நுழைய முடியாமல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அது பொறுக்காமல் 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். மட்டையும் பந்தும் வாங்கிக் கொடுத்துப் பையன்களைச் சேர்த்தார். வெள்ளையரும் இந்தியரும் மோதும் பிரசிடென்சி ஆட்டத்துக்கு 1908-ல் ஏற்பாடு செய்துவிட்டு, அதைப் பார்க்காமலேயே நாற்பது வயதில் போய்ச் சேர்ந்தார். அவர் மகன்களும் ஆடினார்கள். அவர்களில் கோட்டா ராமசாமி 1922-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடியவர், 1936-ல் நாற்பது வயதில் இங்கிலாந்தில் டெஸ்ட் கிரிக்கெட்டிலும் இறங்கியவர். புச்சிபாபு அடித்த ரன் எத்தனை என்று இன்று யாரும் கேட்பதில்லை. அவர் பெயரில் போட்டி மட்டும் இன்றைக்கும் நடக்கிறது. அவரும் ஒரு விதத்தில் வலை கட்டியவர்தான்; கொஞ்சம் வசதியான வலை.

சாதாரண மனிதர்களை எழுதிவைக்கிற வழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. த. பழமலய் 1988-ல் ‘சனங்களின் கதை’ போட்டபோது, சொந்தக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் அவரவர் பேச்சோடு கவிதைக்குள் கொண்டுவந்து உட்காரவைத்தார். மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே ‘அஞ்சலை’ எழுதினார், இந்த வட்டாரமான நடுநாட்டின் சொற்களுக்கு அகராதியும் போட்டார். நாவலாசிரியர் இமையம் விருத்தாசலத்தில்தான் இருக்கிறார். மல்லாட்டைக் கொல்லையும் முந்திரிக் காடுமாக இருக்கிற ஒரு வட்டாரத்துக்கு இத்தனை எழுத்தாளர்கள் அதிகம்தான். மாமா இவர்கள் யாரையும் படித்தவரில்லை. தினத்தந்தியில் விளையாட்டுப் பக்கம், அதன் பின்பக்கம் இருந்தால் ராசிபலன்.

அத்தையிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் காலை டிபன் நேரத்தில் கேட்டேன். பாசமிகு குடும்பத் தலைவர் சரிதானா?

இட்லித் தட்டை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். “மாப்ள, சாயங்காலம் அஞ்சரையிலேர்ந்து ஒம்போது வரைக்கும் இந்த வூட்டுக்குத் தலைவர் கெடையாது. புள்ளைங்களுக்கு ஜொரம்னாலும் நான்தான், கரண்டு பில்லுன்னாலும் நான்தான். ஒரு தரம் என்னா பண்ணேன் தெரியுமா, கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிடுறேன்னு கெளம்பிட்டேன்.”

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. முருகன். அங்கே கோர்ட்டில் எழுதுவது போலவே காகிதத்தில் குறையை எழுதிப் பிராது கட்டலாம். திருட்டு, கடன், புருஷன் பெண்டாட்டித் தகராறு எதுவானாலும் எழுதலாம். சாமி தொண்ணூறு நாளில் தீர்த்துவைப்பார் என்று நம்பிக்கை. தீர்ந்ததும் மறுபடி போய் ராஜினாமா எழுதிக் கொடுத்துப் பிராதைத் திரும்பப் பெற வேண்டும்.

“யார் மேல பிராது? மாமா மேலயா?”

“அவுரு மேல எப்பிடிக் கட்டுறது? வாலிபால் மேலதான். சைக்கிள்ல ஏத்திக்கினு போயி கோயில்ல வுட்டதே அவுருதான். ‘எழுது, நான் வெளிய நிக்கிறேன்’னுட்டாரு. எழுத ஒக்காந்தா சிரிப்பு வந்துடுச்சி. சாமி கும்புட்டுட்டு வந்துட்டேன்.”

பிறகு கொஞ்சம் நிறுத்தி, குரலை மாற்றாமல் சொன்னாள். “ஆனா காசு விசயத்துல எனக்கு வருத்தம்தான். கார்த்திகைக்கு வெளக்கு வித்த காச பந்து வாங்குறேன், பையனுக்கு ஷூ வாங்குறேன்னு குடுத்துட்டு, வட்டி கட்ட என் வளையல வப்பாரு. ஆத்துல போட்டுட்டு கொளத்துல தேடுற ஊருதான இது.”

சுந்தரர் இங்கே மணிமுத்தாற்றில் பொன்னைப் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்த கதையை அவள் இப்படி வீட்டுக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். சுந்தரருக்குக் கிடைத்தது, அத்தைக்கு வளையல் இரண்டு மூழ்கிப் போய்விட்டது. குடும்பத் தலைவர் என்கிற பட்டத்தில் பாதியை ஃபிளெக்ஸ் அடித்தவர்கள் அத்தைக்குத் தர வேண்டும். ஆனால் சின்னவள் ஒன்று சொன்னாள். ஒன்பது மணிக்கு அப்பா வந்ததும் நாலு பேரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்களாம். அன்றைக்கு நடந்த ஆட்டத்தைப் பருப்பு, உப்பு டப்பாக்களை வைத்து அவர் நடத்திக் காட்டுவாராம். அத்தைக்கு எந்தப் பையன் லிஃப்டர், எவனுக்குக் கால் வலி என்பதெல்லாம் அத்துபடி. மைதானத்துக்கு அவள் போனதில்லை.

போட்டி மூன்று மணிக்கு என்று நோட்டீஸில் இருந்தது, நாலரைக்குத் தொடங்கியது. மணிமுத்தாறு கண்ணுக்கெட்டும் தூரத்தில் ஒரு வாய்க்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. “அன்பார்ந்த விளையாட்டு ரசிகப் பெருமக்களே” என்று மைக் கரகரத்தது. நெய்வேலி அணி, பெண்ணாடம் அணி, உள்ளூரில் இரண்டு. அந்தப் பழைய மூங்கில் கழியைப் பெரியவள் கொண்டுவந்திருந்தாள். அவள்தான் வலையின் உயரம் பார்த்தாள். நடுவர் தன் பையிலிருந்து டேப்பை எடுத்து மறுபடி அளந்தார். சரியாக இருந்தது. டேப்பைச் சுருட்டிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் நாற்காலியில் ஏறினார்.

ஃபைனலில் உள்ளூர்க்காரர்கள் தோற்றார்கள். மூன்றாவது செட்டில் பெண்ணாடத்துப் பையன் ஒருவன் வலையோரத்தில் எகிறி அடித்த ஷாட்டுக்கு உள்ளூர்க் கூட்டமே கை தட்டியது. பிறகு எதிரணிக்குத் தட்டிவிட்டோமே என்று நினைவு வந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆண்கள் ஃபைனலுக்கு முன்னால் வலையை இறக்கிக் கட்டி, பேட்டைப் பெண் பிள்ளைகள் ஓர் ஆட்டம் ஆடினார்கள். அச்சிலிருந்து பிள்ளையாரை எடுத்த அந்த அம்மாவின் மகள் சர்வீஸ் போட்டாள். அவள் அம்மா தலையில் கட்டிய துண்டை அவிழ்க்காமலேயே வேலையிலிருந்து வந்து நின்றிருந்தாள்.

பரிசளிப்பில் வட்டாரப் பிரமுகர்கள் நாலு பேர் பேசினார்கள். நாலு பேரும் சிறந்த வீரர் என்றார்கள். செராமிக் கோப்பையை வாங்கின கேப்டன் அதைத் தலைக்கு மேல் தூக்கத் தயங்கி, குழந்தையைப் பிடிப்பது போல் இரண்டு கையாலும் நெஞ்சோடு வைத்துக்கொண்டான். படம் எடுக்க வந்தவர் “தூக்குப்பா, தூக்கு” என்று கத்தியும் அவன் தூக்கவில்லை.

ராத்திரி அத்தை ஒரு நீள நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடியைப் போட்டாள். முதல் முறையாக மைதானக் கணக்கு அவள் கைக்கு வந்திருக்கிறது. ஃபோகஸ் லைட் வாடகை, நடுவர்களுக்குப் பேட்டா, வெளியூர் அணிகளுக்குச் சாப்பாடு, எலுமிச்சம்பழம், வேட்டு. வரவுப் பக்கம் யார் யார் கொடுத்தார்கள், யார் சொல்லிவிட்டுக் கொடுக்கவில்லை என்று விரலை ஓட்டிப் படித்தாள். மேடையில் பேசிய நாலு பேரில் இருவர் பெயருக்கு நேரே ஒன்றும் இல்லை. அவர்களுக்கு நாளைக் காலையே போன் போடச் சொல்லிச் சின்னவளிடம் நம்பரைக் குறித்துக் கொடுத்தாள். அடுத்த வருஷம் பெண்கள் போட்டியைத் தனியாக வைக்க வேண்டும், அதற்கு இன்னொரு வலை வேண்டும், ஒன்றையே ஏற்றி இறக்கினால் ஆட்டம் நின்று நின்று போகிறது என்றாள். மாமா இருந்தால் அவரே கடன் வாங்கி வாங்கியிருப்பார். அத்தை வலைக்கென்று தனியாக ஒரு பக்கம் ஒதுக்கி, மேலே பிள்ளையார் சுழி போட்டு, கோடு கிழித்தாள்.

“ஒம் பேரத்தான் மொதல்ல எழுதியிருக்கேன் மாப்ள. ஆயிரம். கையில குடுத்துட்டுப் போ. போன்ல போட்டா பெரியவ கணக்குல போயி மண்ணு வாங்கிடுவா.”